என் மகன் போகாத டிரில்

என் மகன் ரகுவைப் பள்ளிக் கேடட் படையின் டிரில்லுக்கு அனுப்ப நான் மறுத்தேன். மற்ற மாணவர்கள் எல்லோரும் போனார்கள். என் மனைவி வெளியே போயிருந்த நேரத்தில் டிரில் மாஸ்டர் முனிசாமி, ரேவா ஆற்றங்கரை ஊரான நவுசோரியில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"அனுப்புங்க சார். சும்மா கால வீசிக் காட்டறது இல்ல. எல்லாரும் பதறும்போது நின்னு காது குடுத்துக் கேக்கற பழக்கம்."

"எங்கப்பா கரும்புத் தோட்டத்துல கங்காணி சர்தார் கத்தினதுக்கெல்லாம் நடந்தாரு, போதும். என் மவன் எவன் கத்தலுக்கும் நடக்க மாட்டான்" என்றேன்.

அந்த மழைக்காலத்தில், பள்ளி விட்டு வந்த மாணவர்களின் படகு ரேவா ஆற்றின் நடுவே மிதந்து வந்த மரத்தில் இடித்துச் சாய்ந்தது.

"அசையாதீங்க! இருந்த இடத்துலயே உக்காருங்க!" என்று கூட வந்த முனிசாமி கத்தினார். கேடட்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். ரகு மட்டும் பதறி எழுந்து ஓடி, ஆற்றில் விழுந்தான். முனிசாமி குதித்துத் தேடியும் பயனில்லை. மறுநாள் உடல்தான் கரை ஒதுங்கியது.

"அந்த மாஸ்டர் எம் புள்ளைக்கு மட்டும் ஏன் சொல்லிக் குடுக்கல?" என்று என் மனைவி சாகும்வரை அவரைச் சபித்தாள். முனிசாமி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இப்போது அவர்கள் இருவரும் உயிரோடு இல்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால், கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லை.