கரும்புக்குப் போகும் டிராக்டரும் தகரக் கொட்டகை வகுப்பும்

நடந்த எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் பூனாவில் வானவடி வீட்டிலிருந்து கிளம்பும்போதே, "பாரு, இன்னிக்கு ஒரு பிள்ளையையாவது கரும்பு வெட்டக் கூட்டிட்டுப் போவாங்க" என்றேன். "வாயைக் கழுவுங்க" என்றாள் என் மனைவி. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் எங்கள் தொழிற்சாலையில் இன்ஜினியர்களே என்னைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள்.

மகர்பட்டாவில் வேலை பார்க்கும் மகள் ஒரு கிராமத்துப் பிள்ளைகள் எழுதுவதற்காக அலுவலகத்தில் நோட்டுகள் சேர்த்திருந்தாள். அந்த இரண்டு மூட்டையையும் கொண்டுபோய்ச் சேர்க்க என்னைவிட்டால் யார்? வாக்டேவாடி ஸ்டாண்டில் காலை 6:15 பஸ். சிரூர் வரை 67 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஜீப்பில் 22 கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். ஜீப்பில் பதினாறு பேர். நான் இருபது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மாருதி கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகைதான் வகுப்பு. அரசுப் பள்ளியில் பாதியில் நின்ற பிள்ளைகளுக்கு ஊர்ப் பெண்களே நடத்துகிறார்கள். பாடம் சொல்லும் மங்கல் பத்தாவது படித்தவள். பெற்றோர் ஆறு மாதம் கரும்புக்குப் போய்விட்டால், பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு வீட்டில் சாப்பிட்டுப் படிக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த வீடு என்று சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது.

ஒரு பெயருக்கு எதிரே மட்டும் வீடு இல்லை. ரூபாலி, பன்னிரண்டு வயது. கரும்புக்கு ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் கட்ட. அவள் அம்மாவுக்குக் கை முறிந்துவிட்டது. அந்த ஜோடிக்கு இந்த வருடம் ரூபாலி.

"வீடெல்லாம் தயார்தான் காகா, அவ அப்பா விட்டாத்தானே" என்றாள் மங்கல். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். "பூனால இருந்து வர்றவங்க எல்லாரும் நோட்டுதான் கொண்டு வர்றீங்க. கரும்பு கட்ட ஓர் ஆளைக் கொண்டு வந்திருந்தா இவ படிப்பா."

பதினொன்றரைக்கு டிராக்டர் வந்தது. பாத்திரம், கோழி, மூட்டை, அவற்றின் மேல் ஆட்கள், அவர்களோடு ரூபாலி. ரூபாலியின் அப்பாவிடம் மங்கல் ஏதோ கெஞ்சினாள். நான் குறுக்கே புகுந்து, யூனியன் கூட்டத்தில் பேசும் குரலில், "பொண்ணை எறக்குப்பா" என்று மராத்தியில் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் வெட்டறேன். கட்டறது யாரு? நீங்க வர்றீங்களா, காகா?"

மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். "காகாவோட தொப்பையை முதல்ல கட்டணும்" என்றாள் ஒருத்தி.

நான் விடவில்லை. பத்து நிமிடம் பேசினேன். கடைசியில் அவர் தலையைத் தொங்கப்போட்டார். டிராக்டர் உறுமிக் கிளம்பியபோது ரூபாலி குதித்து இறங்கினாள். மங்கல் சுவரில் அவள் பெயருக்கு எதிரே ஒரு வீட்டை எழுதினாள்.

போக நினைப்பவர்களுக்கு: தீபாவளிக்கு முன்பே போங்கள், பின்னால் போனால் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். வண்ணப் பென்சில் வேண்டாம். நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு கேட்கிறார்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். திரும்ப ஜீப் நாலரைக்குப் பிறகு கிடையாது. இப்படிக் கை முறிந்தவர் உள்ள வீட்டுக்கு ஆறு மாதம் பெரிய ஆள் ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமானால், அதை நோட்டுக்கு முன்னால் செய்யுங்கள்.

இவ்வளவு எழுதியபின் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. நான் கத்தியது நிஜம். அவர்கள் சிரித்தது நிஜம். அவள் அப்பா தலையைத் தொங்கப்போட்டதும், ரூபாலி இறங்கியதும், மங்கல் சுவரில் வீடு எழுதியதும் நானாகச் சேர்த்தவை. மூட்டைகளின் மேல், அப்பாவுக்குப் பக்கத்தில், அம்மா உட்கார வேண்டிய இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். டிராக்டர் போய்விட்டது.