பன்னிரண்டாவது கதவு

மலேசியாவின் பத்து பாகாட் நகரில் ஒரு துணி ஆலையில் நான் காவல் மேற்பார்வையாளர். எங்கள் பேச்சில் ஜாகா. ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், பள்ளியை விட்டவள். நாற்பத்தெட்டு வயதில், வேலை அனுபவத்தைப் பார்த்து, நிறுவனப் பாதுகாப்பு மேலாண்மைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமைதோறும் ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறுவேன். வகுப்பில் கடைசி வரிசை. யாராவது என் பக்கம் திரும்பினால் நோட்டைப் புரட்டுவேன்.

கடைசி ஆண்டில், அவரவர் வேலையிடத்தின் பாதுகாப்பை ஆராய்ந்து அறிக்கை எழுதி வகுப்பில் விளக்க வேண்டும். அதே அறிக்கை மேலாளருக்கும் போகும். அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

ஆலையின் கதவுகளை எண்ணினேன். பதினொன்று. எந்தச் சாவி யாரிடம் என்று எழுதினேன். பின்வேலியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது சாயப் பிரிவில் வேலை செய்யும் அக்கா வந்து நின்றார்.

"என்னா தங்கச்சி, சாமி வாசலையும் புடிக்கிறியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலிக்கு வெளியே, வாய்க்கால் ஓரம், முனியாண்டி சாமிக்கு ஒரு சிறு கூரை. செவ்வாயும் வெள்ளியும் வேலை தொடங்குமுன் அக்கா பின்வேலியில் உள்ள சின்னக் கேட்டைத் திறந்து போய் விளக்கு வைப்பார். சாவி அவருடைய லாக்கரில். ஆலையைக் காப்பதே முனியாண்டிதான் என்று நம்பியதால், அந்த வழியாகத் திருடன் வரலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான். சாவிப் பதிவேட்டில், எல்லாச் சாவியும் சரி என்று தினமும் கையெழுத்துப் போடுவது நான்.

"அதையும் எழுதணுமேக்கா."

"எழுதுனா வெல்டிங் வச்சி அடச்சிருவானுங்க லா. ஒன் வேலையும் போவும், சாமிக்கு வெளக்கும் போவும். நீ பாஸாவ முனியாண்டிதான் கெடச்சாரா?"

நான் எழுதவில்லை.

வகுப்பில் என் முறை வந்தது. விரிவுரையாளர் ஓய்வுபெற்ற மலாய்க்காரப் போலீஸ் அதிகாரி. திரையில் வேலிப் படத்தைப் பெரிதாக்கினார்.

"வேலி பூரா துரு. இந்தப் பூட்டு மட்டும் பளபளன்னு இருக்கு. யாரோ அடிக்கடி தொடுறாங்க. உங்க பட்டியல்ல இது எங்க, புவான்?" 'அம்மா' என்று பொருள்படும் மரியாதைச் சொல்லோடு மலாயில் கேட்டார்.

முன்வரிசையில் ஒரு தமிழ்ப் பையன் சிரித்தான். "ஜாகாவுக்கே தெரியாத கேட்டா? அலமாக்!"

புதர் மறைத்துவிட்டது என்று சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தக் கேட்டிலிருந்து பத்தடியில் சாயப் பிரிவு. அங்கே இயந்திரச் சத்தத்தில், கேட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பெண்களை நினைத்தேன். அவர்களில் அக்காவும் ஒருவர்.

"அது பன்னிரண்டாவது கதவு, என்சிக். தெரிஞ்சேதான் விட்டேன். பதிவேட்டில கையெழுத்து போடுறதும் நான்தான்."

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "திருத்தின அறிக்கைய மேலாளர்கிட்ட குடுங்க. அவர் கையெழுத்தோட வாங்க. அப்புறம்தான் மார்க்."

திங்கட்கிழமை கொடுத்தேன். மேலாளர் சீனர். விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தவர், அந்தப் பக்கத்தில் நிறுத்தினார்.

"பதிவேட்டில இருக்கறது உங்க கையெழுத்தா?"

"ஆமா, பாஸ்."

அவர் திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"எச்சரிக்கைக் கடிதம் வரும். இன்னொரு தடவைன்னா வேலை இல்ல." பிறகு அறிக்கையில் கையெழுத்திட்டார். கேட்டை அடைக்கச் சொல்லவில்லை. சாவி காவல் சாவடியில் இருக்க வேண்டும், திறக்கும்போது ஒரு ஜாகா கூட நிற்க வேண்டும் என்றார்.

நான் போய்க் கேட்டதும் அக்கா சாவியை என் கையில் வைக்காமல் மேசையில் வைத்தார்.

மறுநாள் செவ்வாய். விளக்கும் எண்ணெயுமாக வந்தார். பதிவேட்டை நீட்டினேன்.

"சாமி கும்புட ஒங்கிட்ட கையெழுத்து போடணும். நல்லா படிச்ச, போ."

போட்டார். நான் பின்னால் நடந்து பூட்டைத் திறந்தேன். அவர் விளக்கேற்றி முடிக்கும்வரை கேட்டருகில் நின்று வாய்க்கால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போனதும் கேட்டைப் பூட்டி, சாவியைக் காவல் சாவடிக்கு எடுத்துப் போனேன்.