குப்பைக் கிடங்கில் ஒரு மதிப்பெண் பட்டியல்

எங்கள் ஹார்லோ ஊரில் யாரும் யாரையும் அரசியலுக்காக முறைத்துக்கொள்ளாத ஒரே இடம் வெர்னா பேட்செல்டரின் முடிதிருத்தும் கடை. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே கத்திரிக்குத் தலை கொடுக்க வேண்டும். கத்திரி பிடித்தவர் எந்தப் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது. சாய்ந்தால் பாதி ஊர் அடுத்த ஊருக்குப் போய் முடி வெட்டிக்கொள்ளும். நடுநிலை சிலருக்குக் கொள்கை. வெர்னாவுக்கு அது வாடகை, மின்கட்டணம், சாப்பாடு.

அப்படிப்பட்டவர், போன தேர்தலின்போது சட்டமன்ற உறுப்பினருக்கு மதிப்பெண் போடப் புறப்பட்டார்.

எங்கள் சின்ன நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சட்டமன்றக் கீழவைக்கு நானூறு பேர். தடுக்கி விழுந்தால் ஓர் உறுப்பினர் மேல்தான் விழ வேண்டும். வருடச் சம்பளம் நூறு டாலர். எங்கள் உறுப்பினர் கிளேட்டன் திபோடோ மற்ற நாட்களில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிறார். இரண்டு வேலைக்கும் ஒரே பூட்ஸ்தான்.

இவர் தலைநகரில் என்னதான் செய்கிறார் என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரும் கண்டுபிடித்துச் சொல்லாததால், வெர்னா தானே சமையலறை மேசையில் கணினியோடு உட்கார்ந்தார். முதலில் நன்கொடையாளர்கள். கிளேட்டனின் மைத்துனி ஐம்பது டாலர். மேப்பிள் பாகு காய்ச்சுகிறவர் இருபது. அதற்குக் கீழே, நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும்படியாக, படகு வியாபாரி ராய்ஸ் டுகெட் நூற்றைம்பது. பெருமுதலாளிகளின் பிடி எங்கள் ஊரை இறுக்கிய விதம் வெர்னாவுக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்து வாக்குப் பதிவேடு. எங்கள் ஏரியில் மோட்டார் படகுகளுக்கு வேக வரம்பு உண்டு. வேகமாகப் போனால் அலை எழும்பி, கரையோரம் கூடு கட்டும் லூன் பறவைகளின் முட்டைகளை இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த வரம்பை நீக்க ஒரு மசோதா வந்திருந்தது. கிளேட்டனின் பெயருக்கு நேராக ‘ஆம்’ என்று இருந்தது.

பணம் உள்ளே, வாக்கு வெளியே. வெர்னா பெரிய அட்டையில் எல்லாவற்றையும் எழுதி, பள்ளிக்கூடத்தில் தோற்ற பிள்ளைக்குப் போடும் ‘எஃப்’ ஒன்றைச் சிவப்பில் போட்டு, தன் பெயரையும் அடியில் எழுதினார்.

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை அதைக் குப்பைக் கிடங்கில் மாட்டினார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து யாரும் குப்பை எடுப்பதில்லை. அவரவர் குப்பையை அவரவரே கொண்டுபோக வேண்டும். ஆகவே வேட்பாளர்களும் அங்கேதான் நிற்பார்கள். கண்ணாடி பாட்டில்கள் போடும் தொட்டிக்குப் பக்கத்தில் எதிர் வேட்பாளர் மார்லீன் குவிம்பி, பழைய அட்டைகள் போடும் தொட்டிக்குப் பக்கத்தில் டோனட் பெட்டியோடு கிளேட்டன். வெர்னாவின் அட்டை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

பலன் உடனே தெரிந்தது. ஆர்டித் கோல்கார்ட் என்ற பறவைப் பிரியை அட்டையைப் படித்துவிட்டு, கடித்த டோனட்டைக் கிளேட்டனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ராய்ஸ் டுகெட்டோ படித்துவிட்டு, தன் பள்ளித் தோழனான கிளேட்டனைக் கட்டிப்பிடித்து முதுகில் நாலு தட்டுத் தட்டினார். தன் பணம் வீணாகவில்லை என்று பாட்டில்களைப் போடவே மறந்து நின்றார்.

கிளேட்டன் மெல்ல வெர்னா பக்கம் நகர்ந்தார்.

“வெர்னா, அந்த மசோதாவ நான் ஆதரிக்கவே இல்ல.”

“சும்மா இரு. அரசாங்கமே போட்டிருக்கு, நீ ஆம்னு சொன்னேன்னு.”

“சொன்னேன். எதுக்கு ஆம்னு சொன்னேன், அதப் பாத்தியா?”

எங்கள் சட்டமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. மசோதாவைப் பரிசீலிக்கும் குழுவுக்கு அது பிடிக்காவிட்டால், ‘இது சட்டமாக வேண்டியதில்லை’ என்று ஒரு தீர்மானம் கொண்டுவருவார்கள். அதற்கு ஆம் என்றால் மசோதாவுக்குச் சமாதி. கிளேட்டனின் ஆம் அந்த ஆம். வெர்னாவுக்கு இது தெரியாததல்ல. நூற்றைம்பது டாலர் கண்ணைக் கூச வைத்ததில், மேலே இருந்த வரியைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெர்னாவின் முகம் அட்டையிலிருந்த எழுத்தின் நிறத்துக்கு வந்தது.

“செவ்வாய்க்கிழம ஓட்டு முடியற வரைக்கும் இப்படியே விட்டுடேன்,” என்று கிளேட்டன் கெஞ்சினார். “ராய்ஸ் குடும்பத்துல மட்டும் எட்டு ஓட்டு. போன தடவ நான் ஜெயிச்சதே ஒம்பது ஓட்டு வித்தியாசத்துல.”

விட்டால், தன் பெயர் போட்ட பொய் ஒன்று ஊர் நடுவில் தொங்கும். திருத்தினால், கடைசி நேரத்தில் கிளேட்டனுக்குப் பிரசாரம் செய்தவள் என்று மார்லீன் பக்கத்துத் தலைகளெல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விடும். வெர்னா பேனாவை எடுத்து, ‘ஆம்’ பக்கத்தில் ‘மசோதாவைக் கொல்ல’ என்று சேர்த்து, எஃபை அடித்து, ‘ஏ மைனஸ்’ என்று எழுதினார். மைனஸ் எதற்கு என்று கிளேட்டன் கேட்டதற்கு, விட்டுவிடச் சொன்னதற்கு என்றார்.

ராய்ஸ் திரும்பிப் பார்த்தார்.

“ஏண்டா, என் காசையும் வாங்கிட்டு எனக்கே ஆப்பு வச்சியா?”

“காசு குடுத்தப்ப நீ படகப் பத்தி ஒரு வார்த்தகூட பேசலியேடா.”

“அதத் தனியா வேற சொல்லணுமா?”

பழைய அட்டையைப் படித்துவிட்டுப் போனவர்களை என்ன செய்வது? வெர்னா வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். சிலர் குழப்பத்தில் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். ஆர்டித் மட்டும் கடைசியில் கதவைச் சாத்துமுன், அப்போ நீயும் கிளேட்டன் கட்சியா என்று கேட்டார். இல்லை, திருத்தம் மட்டும்தான் என்றார் வெர்னா. அன்று பிற்பகல் முழுக்க அவர் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிளேட்டன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கிளேட்டன் மூன்று வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வெர்னா தானே அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்: சனிக்கிழமை உனக்காக அவ்வளவு அலைந்தாயிற்று, அதைச் சரிக்கட்ட வேண்டாமா, அதனால் என் வாக்கை மார்லீனுக்குப் போட்டுவிட்டேன்.

கிளேட்டன் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒண்ணு கொறையும், மார்லீனுக்கு ஒண்ணு கூடும் என்று விரல் விட்டு ஒரு கணக்குப் பார்த்தார்.

“நல்லவேள வெர்னா. ஊர்ல இன்னும் ரெண்டு பேர் உன்ன மாதிரி நடுநிலையா இருந்திருந்தா, நான் தோத்திருப்பேன்.”