கண்ணீர்ச் சுழிக்காரியோடு கொல்லிமலைக்கு

எனக்கு அழுகை சீக்கிரம் வரும். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. சிலருக்குத் தும்மல், சிலருக்குக் கொட்டாவி, எனக்குக் கண்ணீர். ஆத்தூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பரமத்தி வேலூரில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் ஒரு குதிரையின் தலையெழுத்தே என் கண்ணைப் பொறுத்தது என்றானது.

எழுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரருக்குக் குதிரைக் கிறுக்கு. நாமக்கல்லில் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் செம்பட்டை நிறத்தில் ஒரு பெண்குதிரையை வாங்கிவந்து, வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாகக் கட்டினார். மாமியார் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மாடோ குதிரையோ, எங்கள் பக்கம் சுழி பார்க்காமல் கயிறு கைமாறாது. இவர் ஆசையில் அதை மறந்துவிட்டார். குதிரையின் இடது கண்ணுக்குக் கீழே மயிர் வட்டமாகச் சுழித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கண்ணீர்ச் சுழி என்று பெயர். அந்தச் சுழியுள்ள குதிரை நுழைந்த வீட்டில் பெண்கள் அழுவார்களாம்.

அன்றைக்கே அதை விற்றுவிடச் சொன்னார் மாமியார். அந்தியூர்க் குதிரைச் சந்தை ஆடிக் கடைசியில்தான் கூடும் என்று மகன் இழுத்தார். மாமியார் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஆடிப் பதினெட்டுக்கு மலைக்குப் போயிட்டு வார வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இந்த ஊட்டுப் பொம்பளை கண்ணுல சொட்டுத் தண்ணி வந்தாலும் குதுரை அந்தியூருக்குத்தான்."

வீட்டில் பெண்கள் இரண்டே பேர். மாமியாரோ, மாமனாரைப் பறிகொடுத்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் என்று ஊரில் சொல்வார்கள். ஆக, தீர்ப்பு யாருக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு அந்தக் குதிரை மேல் உயிர். அந்த வீட்டுக்கு அவளும் புதுசு, நானும் புதுசு. என் ஆத்தூர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். ஊறவைத்த கொள்ளை எடுத்துக்கொண்டு போனால் தூரத்திலேயே காதை நிமிர்த்துவாள். அவளை விற்றுவிடுவார்களே என்று நினைத்தாலே எனக்கு அழுகை முட்டும், அழுதால் விற்றுவிடுவார்கள். என் வீட்டுக்காரர் முன்னெச்சரிக்கையாக வெங்காயம் உரிக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். தெருவே அதைப் பார்த்துச் சிரித்தது. வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழி எனக்கும் குதிரைக்கும் பொதுவாக இருந்தது.

ஆடிப்பெருக்குக்குக் கொல்லிமலையை நடந்தே ஏறி, மேலே ஓடைக்கரையில் தங்கிப் பொங்கித் தின்று, சாமி கும்பிட்டுவிட்டு இறங்குவது எங்கள் வீட்டு வேண்டுதல். மலைக்கு பஸ் போக ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் போனால் வேண்டுதல் சாமி கணக்கில் ஏறாது என்பது மாமியாரின் கட்சி. வழக்கமாகச் சாமான்களைத் தலையில் சுமந்துதான் ஏறுவார்கள். அந்த வருஷம் அரிசி, பாத்திரம், லாரித் தார்ப்பாய் எல்லாம் குதிரை முதுகில். சொந்தக்காரர் ஒருவரின் லாரி எங்களையும் குதிரையையும் காரவள்ளி அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போனது.

ஜட்காவில் பழகிய குதிரை அது. வழியில் யாராவது மூட்டையோடு நின்றால் இவளும் நின்றுவிடுவாள், அவர் ஏறிக்கொள்ளட்டும் என்று. கொல்லிமலை ஏறுகிறவர்கள் நாலடிக்கு ஒருதரம் மூச்சுவாங்க நிற்பவர்கள். நாங்கள் போய்ச்சேர்ந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மலையேற வந்தோமா, பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்ற வந்தோமா என்று மாமியார் கேட்டுக்கொண்டே வந்தார்.

மேலே ஒரு பலா மரத்தடியில் தார்ப்பாயைக் கிளைகளில் இழுத்துக் கட்டி, மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தோம். ஆடிக் காற்றில் அம்மியே நகரும், தார்ப்பாய் எம்மாத்திரம். அது ஒரு மூலையில் பிய்த்துக்கொண்டு அடித்ததில் துவரம்பருப்புப் பை ஓடையில் விழுந்து போய்விட்டது. விறகோ ஈரம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினேன். மாமியார் எதிரே குந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புகையால் வருகிற கண்ணீர் சேர்த்தியா, இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பருப்புப் போனதால் குதிரைக்கென்று கொண்டுவந்த கொள்ளை வேகவைத்துக் கடைந்தோம். கொள்ளுப் பருப்பு எங்கள் பக்கம் தினம் தின்கிற சங்கதிதான். ஆனால் உரியவள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது அதைத் தின்பது என்னவோ போலிருந்தது. கொள்ளு வெந்த தண்ணீரை மாமியார் ரசத்துக்கு எடுத்துவைக்காமல், ஆறவைத்துக் குதிரைக்கு ஊற்றினார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் பக்கத்தில் அடுப்பு மூட்டிய குடும்பம் ஆத்தூரை அடுத்த தம்மம்பட்டிக்காரர்கள். அந்த வீட்டு அம்மா என்னிடம் உப்புக் கேட்டு வந்தவர், நான் இரண்டு வார்த்தை பேசியதும், "எங்க பக்கத்துப் பேச்சா இருக்கே, எந்த ஊர்ப் பொண்ணும்மா நீ?" என்றார். அவ்வளவுதான். எங்கள் அம்மா கூப்பிடுகிற அதே இழுப்பு. குதிரைக்குத் தண்ணீர் காட்டப்போகிற சாக்கில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் அசையாமல் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மாமியார் நிற்கிறார். குதிரையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"குதுரைக்கு வேர்த்திருக்குது" என்றார்.

அந்தக் குளிரில் எந்தக் குதிரைக்கு வேர்க்கும்? என்னைக் காப்பாற்றினாரா, கணக்கில் எழுதிக்கொண்டாரா, தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இறங்குகிற அன்றைக்கு, பாதி வழியில் ஈரப் பாறையில் மாமியாரின் கால் மடங்கிவிட்டது. கணுக்கால் வீங்கிக்கொண்டே வந்தது. பஸ் பிடிக்கத் திரும்ப மேலே ஏற வேண்டும். அதற்கு இறங்குவதே சுலபம். என் வீட்டுக்காரர் மூட்டைகளைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு, குதிரை முதுகில் போர்வையை மடித்துப் போட்டார். இந்த மூதேவி மேல் நான் ஏறுவதா என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டடி நொண்டிப் பார்த்தார். பிறகு ஒரு பாறைமேல் ஏறி, அங்கிருந்து குதிரை மேல் உட்கார்ந்தார். அவர் சேலையைச் சரிசெய்து பிடரியைப் பிடித்துக்கொள்ளும்வரை அவள் நகரவில்லை. ஆள் ஏற்றுவதில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கயிறு என் கையில். கொஞ்ச தூரம்வரை மாமியார் பார்த்துப் போ, பார்த்துப் போ என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வளைவில் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தாரைதாரையாகக் கண்ணீர்.

"காலு ரொம்ப வலிக்குதுங்களா அத்தை?" என்றேன்.

அவர் தலையாட்டி மறுத்தார். மழை கழுவிய வெளிச்சத்தில் கீழே பூமி முழுக்கத் தெரிந்தது. ஏரிகள், சோளக் காடுகள், நாமக்கல் பாறை, அதற்கும் அப்பால் வெள்ளிக் கம்பியாக ஆறு.

"எத்தனை வருசமா ஏறி எறங்கறேன். தலைச்சுமையோட காலடியப் பாத்தே நடந்திருக்கறேன். நம்ம காவேரி இங்கிருந்து தெரியும்னு எனக்குத் தெரியாது சாமி."

பின்னால் மூட்டைகளோடு என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். தீர்ப்புச் சொன்னவர் கண்ணிலேயே தண்ணீர். மாமியார் உடைத்தால் மண்குடம் என்று விட்டுவிடுவாரா, குதிரை அந்தியூருக்கா என்று தெரியவில்லை. அவர் அழுததைப் பார்த்ததில் எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி அடக்கிட்டு நிக்கற? அழுகோணும்னா அழுதுட்டு வா. குதுரை நம்மூட்டுக்குத்தான் வருது."

வழியோரக் கல்லில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் நான் அழுது தீர்த்தேன். முடிகிறவரை மாமியார் குதிரை மேலிருந்தபடி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.