கூட்டி அள்ளிய சுழல்காற்று

போன வாரம் யோகன் அண்ணையின் தோட்டத்துக் கொட்டில் காற்றோடு போய்விட்டது. ரொறன்ரோவுக்கு வடக்கே அவர் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். கொட்டிலை அடித்துக் கொடுத்தவன்... நான்தான்.

மரவேலைதான் என் பிழைப்பு. எங்கள் ஆட்கள் நிறைந்த மல்வேர்ன் பகுதியில் பல வீடுகளின் பின்வளவில் 'டெக்' என்னும் மரத்தளம் அடித்திருக்கிறேன். ஒரு கொட்டில் விழுந்தால் அந்தச் செய்தி எத்தனை வீட்டுக்குப் போகும்?

"சும்மா காத்துக்கே படுத்திட்டுதடாப்பா! ஆணி அடிச்சனியோ, கம் போட்டு ஒட்டினனியோ?" என்று ஆட்களுக்கு முன்னால் கேட்டார் அண்ணை. எனக்குப் பதில் வருவது எப்போதும் வீட்டுக்குப் போன பிறகுதான்.

பிறகு தகவல் வந்தது — புயல் சேதத்தை ஆராயும் குழுவிலிருந்து ஒருவர் வருகிறார்.

வெளியாட்கள் வருகிறார்கள் என்றால் நாம் என்ன செய்வோம்? அண்ணையின் மனைவி ராணி அக்கா விளக்குமாறை எடுத்தார். நான் உடைந்த பலகைகளை அளவு பார்த்து அடுக்கினேன். முறிந்த கொப்புகளை வெட்டிக் கட்டினோம். வளவு பளிச்!

மறுநாள் வந்த இளம்பெண் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: சேதம் எங்கே?

காற்று எதை எந்தப் பக்கம் எறிந்தது என்று பார்த்துத்தான், அது நேராக அடித்ததா, சுழன்றடித்ததா என்று சொல்வார்களாம். நாங்களோ சாட்சியைக் கூட்டி அள்ளிவிட்டோம். என் பெயரும் அந்தக் குப்பையோடு போயிற்று என்று நினைத்தேன்.

அந்தப் பெண் தன் ரப்லெற் கணினியைத் திறந்தார். ரேடார் பதிவுகளைச் சேர்த்துச் செய்த வரைபடம். மேகத்துக்குள் காற்று சுழன்றுகொண்டே போன பாதை, சிவப்புப் பட்டையாகத் தோட்டத்துக்கு மேலே போய், பின்னால் இருக்கும் காட்டுக்குள் நுழைந்தது. அங்கே வீடுகள் இல்லை. அதனால் சேதம் என்று யாரும் அறிவிக்கவும் இல்லை.

அவருடைய வேகமான ஆங்கிலத்தை அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார்: "மேலை சுத்தினது மட்டுந்தான் இதிலை தெரியுமாம். நிலத்தைத் தொட்டதோ எண்டு போய்த்தான் பாக்கோணுமாம்."

போனோம். பெரிய மேப்பிள் மரங்கள் முறிந்து கிடந்தன. ஒரே பக்கமாக அல்ல — ஒடுங்கிய பாதையின் இரு புறத்து மரங்களும் நடுவை நோக்கி, ஒன்றையொன்று பார்த்தபடி.

அந்தப் பெண் படம் எடுத்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன அண்ணை சொல்லுறா?"

"ரொர்னாடோவாம்."

"அதுக்கோ இவ்வளவு நேரம் கதைச்சவா?"

அண்ணை தொண்டையைச் செருமினார். "உந்த மரங்களே நிக்கேல்லை, உன்ரை கொட்டில் எப்பிடி நிக்குமெண்டு கேக்கிறா. சந்தோசமோ இப்ப?"

சந்தோசம்தான். யாரும் முறையிடாத காட்டுக்குள்ளும் போய்ப் பார்க்க ஒருவருக்குத் தோன்றுகிறதே! வாய் திறந்து சொல்லத் தெரியாத என் போன்றவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அதையாவது அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். நானோ, அவர் காரில் ஒரு பை கத்தரிக்காயை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

கத்தரிக்காய் யோகன் அண்ணையுடையது. ஆனாலும் மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.