தோற்றுப்போன சனிக்கிழமைகள்

என் அக்கா மகள் இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். போன இடத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்துப்போய், மாதா கோயில் இல்லாமல், சாமியார் இல்லாமல், ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். போட்டோ அக்காவின் போனுக்கு வந்தது. மச்சான் அதை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டார். அதோடு சரி. மகளோடு அவர் பேச்சு நின்றுபோனது.

மச்சான் என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. பொம்மிடிக்குப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறவர். எனக்கு ஸ்டேஷன் ரோட்டில் மோட்டார், பைப் சாமான் கடை. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே கறிக்குழம்பு இருக்கும், அதைவிட ருசியாக அக்காவின் வாய் இருக்கும். "எங்க வூட்டுல ரெண்டு செவுரு ஜாஸ்தி. ஒண்ணு உன் மச்சான் மொகம், இன்னொண்ணு அவரு முதுகு" என்பாள். அந்தச் சுவருக்குக் கேட்கவேண்டும் என்றே, மகளோடு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது, போனுக்குள் திடீரென்று ஒரு பெரிய இரைச்சல். ஊரே கூடி 'ஓ'வென்று கத்தியது போல எழும்பி, உச்சிக்குப் போகாமல் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மச்சான் திரும்பினார்.

"அது என்ன சத்தம்?"

எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை. போனைப் பார்த்துக் கேட்டார். அந்தப் பக்கம் மகள் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "கிரவுண்டுப்பா. எங்க வூட்டுக்குப் பின்னாலயே ஃபுட்பால் கிரவுண்டு. மேட்ச் நடக்குது" என்றாள்.

"கோல் இல்ல போல."

"இல்லப்பா. கம்பத்துல பட்டுத் திரும்பிடுச்சாம்."

"சத்தத்துலயே தெரியுது" என்றார் மச்சான்.

அவருக்குத் தெரியும். வயசில் எங்கள் பங்குக் கோயில் டீமில் இடது பக்கம் தடுத்து ஆடியவர். ஈஸ்டர் டோர்னமெண்ட் என்றால் அவர் பக்கம் பந்தைக் கொண்டுபோக அடுத்த ஊர்க்காரர்கள் யோசிப்பார்கள். முழங்கால் திருகிக்கொண்ட பிறகு ஆட்டத்தை விட்டார். மழைக்காலத்தில் இன்னும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

அடுத்த சனிக்கிழமை மேட்ச் முடிந்ததும் மகள் கூப்பிட்டாள். அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அப்பா இருக்காராம்மா? இன்னைக்கு தோத்துட்டாங்கன்னு சொல்லு" என்றாள். மச்சான் கையை நீட்டிப் போனை வாங்கினார். அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு மகளை 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். இப்போது கண்ணும் இல்லை, பேரும் இல்லை, 'நீ' என்பதுகூட இல்லை. "பேக்ல யாரு நின்னது? ஏன் அவ்ளோ தூரம் மேல போயிருந்தான்?" என்று கேஸ் விசாரிக்கிற மாதிரி ஆரம்பிப்பார். அவளுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரரைக் கேட்டுக் கேட்டுச் சொல்லுவாள். பிறகு தானே போய்ப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "பெத்த மவளோட பேசமாட்டாரு, பந்தோட பேசுவாரு" என்று அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாலும், அந்த நேரத்தில் குழம்பைக்கூடச் சத்தமில்லாமல்தான் கிளறுவாள்.

அந்த டீமின் பூர்வீகக் கதையும் எங்களுக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. மகள் வேலை பார்த்தது முதியோர் இல்லத்தில். அங்கே ஒரு கிழவர், நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர், அவள் குளிப்பாட்டிவிடும்போதெல்லாம் டீமின் கதையைச் சொல்லுவாராம். டீமை ஆரம்பித்தது ஒரு கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடத்தின இளவட்டங்கள். மில் பையன்கள் சாராயக் கடைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று ஒரு பந்தை வாங்கிக் கொடுத்தார்களாம். இதைக் கேட்டதும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோயில் டீமா! அதைச் சொல்லவே இல்ல?" என்றார். அன்றைக்கு முதல் அது 'அவுங்க டீமு' இல்லை, 'நம்ம டீமு'.

ஒரு காலத்தில் அந்த டீம் நாட்டிலேயே பெரிய லீக்கில் ஆடியிருக்கிறது. ஒரு முறை பெரிய கோப்பையை வென்று ரயிலில் கொண்டுவந்தபோது, தண்டவாளம் நெடுகிலும் ஜனங்கள் நின்று தொப்பியை ஆட்டினார்கள். கோப்பையை ஒவ்வொரு மில்லாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அப்புறம் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆட்கள் வேலை தேடி வேறு ஊர் போனார்கள். டீம் ஒரு படி இறங்கியது, இன்னொரு படி இறங்கியது. மேலே ஏறுவது போல நடுவில் ஒரு வருஷம் ஆசை காட்டி, அடுத்த வருஷம் இன்னும் கீழே போனது. நாங்கள் வந்து சேர்ந்தபோது கடைசி டிவிஷனில், கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கும் கீழே போனால் லீக்கே கிடையாது.

மச்சானுக்கு இது புதிதாகத் தெரியவில்லை. "நம்ம பக்கம் கெழங்கு அரைக்கற சேகோ பேக்டரி மூடுனப்ப டீக்கடைதான் மொதல்ல மூடுச்சு. அங்க டீமு நிக்குதே, அதுவே பெருசு" என்றார்.

இதில் ஒரு கணக்கை அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். டீம் ஜெயித்த நாளில் பேச்சு சட்டென்று முடிந்துவிடும். "ஜெயிச்சுட்டோம்பா." "ஆங், நல்லது." அவ்வளவுதான், போன் அக்கா கைக்கு வந்துவிடும். தோற்ற நாளில்தான் பேச்சு நீளும். யார் விட்டான், எங்கே விட்டான், கோச் ஏன் ஆளை மாற்றவில்லை என்று ஒரு தோல்வியை இரண்டு பேரும் பிரித்துப் போட்டுப் பேசுவார்கள். அந்தச் சந்தில்தான் மற்றதெல்லாம் நுழையும்.

"மழையிலயா ஆடுனாங்க?"

"ஆமாப்பா. சரியான மழை."

"பாக்கறதுக்கு யார் யாரு போனது?"

"நானு, அவரு, பாப்பா."

"கொழந்தைய மழைல தூக்கிட்டுப் போனதா?"

பேத்தி பிறந்ததை மச்சான் ஒத்துக்கொண்டது அப்படித்தான். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. இன்னொரு நாள் மகள், "கோல்கீப்பர் பந்துக்கு லேட்டா குதிக்கறான்னு அவரு சொல்றாருப்பா" என்றாள். மச்சான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவன் சொல்றது சரிதான்" என்றார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். மருமகனுக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை அது.

எங்கள் கோயில் வாசலில், மலையடிவாரக் கற்களைக் குகை போல அடுக்கிக் கட்டிய மாதா கெபி ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை மாதாவுக்குரிய நாள். அக்கா அன்றைக்கு மெழுகுவத்தி ஏற்றாமல் இருந்ததில்லை. அந்த வருஷம் அவள் என்ன வேண்டிக்கொண்டு ஏற்றுகிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கெபி வாசலில் நானே கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கும் அவுங்க தோக்கணும்னுதான்டா."

"ஏங்க்கா, மச்சான் காதுல வுழுந்தா?"

"அவரு ஞாயித்துக்கெழமை பூசைல ஜெயிக்கணும்னு வேண்டறாரு. நானு சனிக்கெழமையே முந்திக்கறேன். மேட்சு சனிக்கெழமதானே!"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "பெருசா ஒண்ணும் வேணாம்டா. ஒரு கோல்ல தோத்தா போதும். அவ பேச, இவரு பேச, அப்படியே ஒருநா 'எப்ப வர்றே'ன்னு கேட்டுருவாரு. அந்த ஒரு வார்த்தை வந்துட்டா அப்பறம் அவுங்க ஜெயிக்கட்டும், வேணாங்கல."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாமே. மகளும் அதற்காகத்தான் காத்திருந்தாள். 'அப்பா வரச்சொன்னா மறுநாளே லீவு போட்டுடுவேன் மாமா' என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். கூப்பிடாத வீட்டுக்குக் குழந்தையோடு வந்து வாசலில் நிற்க அவளுக்கும் மனசில்லை.

மாதா அக்காவின் பக்கம்தான் இருந்தாள் போலிருக்கிறது. டீம் தோற்றது, விடாமல் தோற்றது. பேச்சு நீண்டது. ஆனால் கொஞ்ச நாளில் பேச்சின் நிறம் மாறியது. யாரோ வெளியூர் ஆள் டீமை வாங்கியிருந்தான். மேலே கொண்டுபோகிறேன் என்று பேசினவன் கிரவுண்டையே அடமானம் வைத்துவிட்டான். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் போகவில்லை. கேஸ் ஆனது. லீக் நடத்துகிறவர்கள் தண்டனையாக டீமின் புள்ளிகளை வெட்டினார்கள். ஜெயித்த மேட்ச்கூட ஜெயித்ததாக இல்லை.

"ஆடி எடுத்த பாயிண்ட எப்படி வெட்டுவாங்க?" என்று மச்சான் கேட்டார். பதில் என்னிடம் இருக்கிறதா என்று என்னைப் பார்த்தார். பேப்பரில் படித்ததை வைத்து நான் ஏதோ சொன்னேன். "மாப்ள, நீ மோட்டாரு வித்தா போதும்" என்றார்.

அந்த வாரங்களில் மச்சான் மகளிடம் பேசின மாதிரி நான் கேட்டதில்லை. ஊர்க்காரர்கள் உண்டியல் குலுக்குகிறார்கள் என்று அவள் சொன்னதும், "அந்தப் பெரியவரு என்ன சொல்றாரு?" என்று முதியோர் இல்லத்துக் கிழவரை விசாரித்தார். அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது, இன்னும் பெரிய லீக்கில் ஆடுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றாள் மகள். "அப்டியே இருக்கட்டும். யாரும் சொல்லிடாதீங்க" என்றார் மச்சான். பிறகு, "இந்த சீசன் முடியட்டும், பேசிக்கலாம்" என்றார். என்ன பேசுவார் என்று அவர் சொல்லவில்லை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

சீசன் முடியவில்லை. ஒரு வேலை நாளில், நான் கடையில் ஒருவருக்கு வால்வு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மகள் எனக்குக் கூப்பிட்டாள். டீமை லீக்கிலிருந்து தூக்கிவிட்டார்களாம். டீமை நடத்தின கம்பெனியைக் கலைத்து, கிரவுண்டு கேட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பூட்டின கேட்டில் ஜனங்கள் மாலையும் டீம் துண்டும் கட்டிவிட்டுப் போகிறார்களாம். "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா" என்றாள்.

போய்ச் சொன்னேன். மச்சான் நடுவதற்குக் கிழங்குக் குச்சியை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை. "கோயில் டீமை விக்கவே கூடாது" என்றார். பின்னால் நின்ற அக்கா உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் அவள் கெபி முன்னால் நின்றிருந்தாள். கையில் மெழுகுவத்தி இல்லை. "வாக்கா, வெயில் ஏறுது" என்றேன்.

"தோக்கணும்னுதான்டா கேட்டேன். சாவணும்னு கேக்கலியே" என்றாள்.

"அடப் போக்கா. கடல் தாண்டி இருக்குற கூட்டத்துக்கும் உன் மெழுகுவத்திக்கும் என்ன சம்பந்தம்?"

"வாராவாரம் கேட்டனே! நிறுத்தச் சொல்லி மாதா ஒருவாட்டியாவது வந்து சொல்லியிருக்கணும் இல்ல?"

எனக்குப் பேசத் தெரியும் என்று ஊரில் பேர். அன்றைக்குத் தோள் துண்டை எடுத்து அவள் தலையில் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

அடுத்து வந்த சனிக்கிழமை மகள் வழக்கம்போலக் கூப்பிட்டாள். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. மச்சான் போனை வாங்கினார்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு."

பிறகு அவளே சொன்னாள்: "பக்கத்து டவுன்ல ஒரு டீமு இருக்குப்பா. பஸ்ல போயிடலாம். இனிமே அத வேணா பாக்கலாமான்னு நெனச்சேன்."

"அவன் வருவானா?"

"அவரு வரமாட்டாருப்பா. சின்ன வயசுலேர்ந்து அந்த டீமைத் திட்டியே வளந்தவராம்."

"அப்பறம் என்ன. அடுத்தவன் டீமுக்கு எவன் கை தட்டுவான்."

அது நியாயம்தான். ஆட்டம் தெரிந்த ஒருவர் ஆட்டத்துக்குச் சொல்கிற நியாயம். அடுத்தவன் வீட்டுக்குப் போன மகளும் அந்த நியாயத்தில் வந்து மாட்டிக்கொண்டதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. போனுக்குள் குழந்தை ஏதோ சொன்னது. இங்கிலீஷா தமிழா என்று புரியாத ஒரு மழலை. நான் மச்சானிடம் கையால் சாடை காட்டினேன், குழந்தையைக் கேளுங்கள், எப்போது வருகிறாய் என்று கேளுங்கள் என்று. அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. உதடு அசைந்ததைக்கூடப் பார்த்தேன். மகளும் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள். எதையாவது சாக்காக வைத்துப் பேசியே பழகிவிட்ட மனுஷருக்கு, சாக்கு இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"உங்கம்மாகிட்ட குடுக்கறேன்" என்றார்.

போனை அக்காவிடம் நீட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மோட்டாரு போட்டுட்டு வரேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் மோட்டாருக்கான கரண்ட் வராது. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.