மச்சானுக்கு உப்பு பார்த்த கதை

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஓர் ஆணியில் இரண்டு முள்கரண்டிகள் தொங்குகின்றன. இதுவரை அவற்றால் யாரும் சாப்பிட்டதில்லை. ஒன்றில் ஒரு பல் வளைந்திருக்கும். என் மனைவியின் அண்ணன், என் மச்சான், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். அவர் ஊர் திரும்பியபோது டேப்ரெக்கார்டராவது கொண்டுவருவார் என்று எதிர்பார்த்தோம். அவர் பெட்டியைத் திறந்து ஒரு துணிச்சுருளை எடுத்துப் பிரித்தார். உள்ளே இந்த இரண்டு கரண்டிகள். "இத்த வெச்சிக்கினு நான் பண்ற கறிய ஆயுசுக்கும் மறக்கமாட்டீங்க மாப்ள" என்றார். அது பலித்துவிட்டது. அந்தக் கறியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது, எச்சில் அப்புறம்தான்.

எனக்குக் கல்யாணம் ஆனது தொண்ணூற்று மூன்றில். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தைக்கும் வேலை. படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. ஊசியும் சணலும் கையில் இருந்தால் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிவிடலாம் என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஆள் நான். கல்யாணமான மூன்றாம் வருடம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். "லீவுல வந்துக்கிறேன்" என்றார். ஒரு மாதம் என்று நினைத்தோம். நான்காவது மாதமும் அவர் பெட்டி எங்கள் கூடத்தில்தான் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் பன்றிக்கறி தின்கிறவர்கள் வீட்டிலும் அதன் குண்டான் வீட்டுக்குள் வராது. கொல்லையில் மூன்று கல் வைத்து ஆக்கித் தின்றுவிட்டு, கழுவி, சுவரோரம் கவிழ்த்துவிடுவோம். கறியைச் சிறு சிறு துண்டாக வெட்டி, மிளகாயும் மிளகும் போட்டு, ஒரு மணி நேரத்தில் இறக்கிச் சோற்றில் போட்டுக்கொள்வதுதான் எங்களுக்குத் தெரிந்த பக்குவம். மச்சானுடையது வேறு. முன்சப்பை, அதாவது முன்காலின் மேல்பக்கக் கறி, ஒரே துண்டாக வேண்டும். அதில் உப்பு, மிளகு, வெல்லம் தேய்த்து ஊறவைப்பார். பிறகு நாலு பக்கமும் சிவக்க வாட்டி, தக்காளி, வெங்காயம், வினிகர் சேர்த்து மூடி, மூடிமேல் அம்மிக்குழவியை வைத்துவிடுவார். அப்புறம் ஐந்து மணி நேரம் தணலிலேயே கிடக்க வேண்டும். வெந்த கறியை இரண்டு முள்கரண்டிகளால் நார் நாராகப் பிய்த்து, அந்தச் சாற்றிலேயே பிரட்டி, ரொட்டியைப் பிளந்து உள்ளே வைப்பார். மேலே பச்சை முட்டைக்கோசை மெல்லிசாக நறுக்கிப் போடுவார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கறி வாங்குவது என் பொறுப்பு. ஞாயிறு காலையில் ஏரிக்கரையில் வெட்டுவார்கள். பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்து, கறியை வெட்டாமல் கொடுங்கள் என்று நான் சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு என் முறை வந்ததும் "மூணு கிலோ முன்சப்பை" என்று சொல்லிவிட்டேன். மீதியைச் சொல்வதற்குள் கறிக்கடைக்காரர் கத்தியை ஓங்கிவிட்டார். கைப்பழக்கம். மூன்று கிலோவும் சுண்டைக்காய் அளவுக்குத் துண்டாகி இலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டில் மச்சான் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முள்கரண்டிகளைத் துணியில் சுருட்டி வைத்தார். ஒரு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "முழுசாவே குடுங்க, வெட்டாதீங்க" என்றேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "முழுசாவா? இன்னா, முனீஸ்வரனுக்குப் படைக்கிறியா?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவர், "வூட்ல ஓநாய் வளத்துக்கினு கீறாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கறியைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். கறி சரியாக வந்த அன்று ரொட்டி சரியில்லை. பேக்கரியில் வாங்கிய பன்னில் சிவப்புப் பழத்துண்டுகள் இருந்தன. "இது பொறந்தநாளா மாப்ள?" என்றார் மச்சான். அதற்கப்புறம் ரொட்டி புதுச்சேரியிலிருந்து வந்தது. கிளியனூர் வழியாக வரும் காலைப் பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லிவைத்து, பஸ் நிலையத்தில் காத்திருந்து வாங்க வேண்டும். அதற்கும் நான்தான்.

எல்லாம் கூடிவந்த வாரத்தில் என் மனைவி மூடியைத் திறப்பாள். மச்சான் கத்துவார். "வேவுதா இல்லியான்னு பாக்காம எப்டிண்ணா ஆக்கறது? கப்பல்ல கண்ண மூடிக்கினா ஆக்குவீங்க?" என்பாள் அவள். "தொறந்தா ஆவி பூடும் பாப்பா, கறி நார் விடாது!" என்பார் அவர். பசியோடு நடுவில் நான். மத்தியானம் மூன்று மணிக்குக் கறி கரண்டிக்கு மசியாமல் ரப்பர்போல இழுக்கும். அப்படி ஒரு நாள்தான் அந்தப் பல் வளைந்தது.

ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். மச்சான் தன் சமையலை ஒருபோதும் ருசி பார்ப்பதில்லை. பிய்த்த கறியில் ஒரு இழையைக் கரண்டியில் எடுத்து என்னிடம் நீட்டி, "எப்டிக்கீது மாப்ள?" என்பார். நான் "நல்லாக்கீதுங்க மச்சான்" என்பேன். பெண் கொடுத்த வீட்டு மனிதரிடம் வேறு என்ன சொல்வது? ஒரு நாள் மனைவி குழாயடிக்குப் போயிருந்தபோது அவரே சொன்னார். கப்பலில் ஒரு காய்ச்சல் வந்து, அதோடு மூக்கும் நாக்கும் செத்துவிட்டன. உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது. நான்கு முறை சாப்பாடு கெட்டதும் இறக்கிவிட்டார்கள். லீவெல்லாம் பொய். "பாப்பாவாண்ட சொல்லிடாதீங்க. நீங்க பேசாத ஆளு, அதான் உங்களாண்ட சொல்றேன்" என்றார். பேசாத ஆள் என்பதற்காக என்னை நம்பியவர், பேச வேண்டிய ஒரே வேலையையும் என்னிடமே கொடுத்தார். அது எங்கள் இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

விழுப்புரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையில் அந்தச் சமயம் ஒருவர் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். புதுச்சேரி போகிற வெளிநாட்டுக்காரர்களும் வண்டியை நிறுத்துவார்கள் என்று கணக்குப் போட்டு, அவர்கள் சாப்பாடு தெரிந்த ஆளைத் தேடினார். மச்சான் போய்ப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு அயிட்டம் செய்து எடுத்து வாருங்கள், பிடித்திருந்தால் அன்றைக்கே வேலை, தங்க அறையும் உண்டு என்றாராம் முதலாளி. மச்சான் அன்று வீட்டுக்கு வந்து சட்டையைத் தானே துவைத்துக் காயப்போட்டார். கப்பலும் போய், தங்கை வீட்டுக் கூடத்தில் படுத்துக் கிடக்கிற ஒரு நாற்பது வயது மனிதருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கறிக்கடையில் சொல்ல வேண்டியதை அந்த வாரம் முழுக்க மூட்டை தைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.

அன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. விடிவதற்கு முன்பே போய் முதல் ஆளாக முழுச் சப்பையை வாங்கிவந்தேன். மச்சான் தேய்த்து ஊறவைத்து, வாட்டி, மூடி, குழவி வைத்தார். நான் ரொட்டிக்குப் பஸ் நிலையம் போனேன். திரும்பி வந்தபோது மச்சான் குளித்து முடித்து, வெள்ளைச் சட்டையோடு அடுப்படியில் நின்றார். கறி கரண்டி பட்டதும் பூப்போலப் பிரிந்தது. அப்படி ஒரு பக்குவம் அதற்கு முன் வந்ததே இல்லை. மனைவி என் காதருகில் வந்து, "உப்பு ஜாடி தொறக்காமயே கீது. பதட்டத்துல அண்ணன் மறந்துட்டாரு. அவரு குளிக்கப் போனப்ப நான்தான் மூடியத் தொறந்து ஒரு கை போட்டு வெச்சேன்" என்று பெருமையாகச் சொன்னாள். அவர் விடியலிலேயே வேறு பொட்டலத்து உப்பைத் தேய்த்தது, தண்ணீருக்குப் போயிருந்த அவளுக்குத் தெரியாது. மச்சான் இழையை நீட்டினார். வாயில் வைத்தேன். கடலையே அள்ளி வாயில் ஊற்றியதுபோல இருந்தது.

"எப்டிக்கீது மாப்ள?"

உப்பு என்று சொன்னால், ஏன் நீங்கள் ருசி பார்க்கவில்லை என்று அவள் கேட்பாள், அவர் ரகசியம் உடையும். அவள் கையால்தான் கெட்டது என்பதும் வெளியே வரும். இந்தக் காரணங்களையெல்லாம் நான் பிற்பாடு யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். அந்த நிமிடத்தில் என் வாய் பழக்கத்தில்தான் சொன்னது, அந்தக் கறிக்கடைக்காரரின் கத்திபோல. "நல்லாக்கீதுங்க மச்சான்."

சூடு போகாமல் இருக்க, குண்டானைக் கோணிக்குள் வைத்து வாயைத் தைத்துத் தரச் சொன்னார். என் தொழில் அல்லவா, நெருக்கமாகத் தைத்தேன். ஒவ்வொரு குத்துக்கும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடிச்சும் போட்டுவிட்டேன். விழுப்புரம் பஸ்ஸில் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். என் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒவ்வொன்றிலும் வாயைத் திறந்து மூடினேன். "ஜல்தி போனா சூடாவே குடுத்துடலாம்" என்று அவர் டிரைவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

முதலாளி நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். மச்சான் ரொட்டியைப் பிளந்து, கறியும் கோசும் வைத்து, தட்டில் கொடுத்தார். முதலாளி ஒரு கடி கடித்தார். மெல்வது நின்றது. செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார். மரியாதைக்கு இன்னொரு கடி. மறுபடியும் ஒரு தம்ளர் தண்ணீர். மச்சானின் கண் தட்டைப் பார்க்கவில்லை, அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது. "கறி நல்லா வெந்துக்கீது. யோசிச்சிட்டு ஆள் அனுப்பறேன்" என்றார் முதலாளி. யாரும் வரப்போவதில்லை என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "உப்பா?" என்றார். தலையாட்டினேன். "எப்பத் தெரியும்?" "வூட்லயே." குண்டானை மைல்கல் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதுவரை என்னை 'நீங்க' என்றே பேசியவர், அன்று மரியாதையை விட்டுவிட்டார். "கோச இன்னும் ரெண்டு மடங்கு வெச்சிருப்பேனேய்யா. உப்பில்லாம நாலு தக்காளிய வேகவெச்சி ஊத்தியிருப்பேனே. சரியாப் பூட்ருக்குமே. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்தய்யா!" லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சரிசெய்திருக்கலாம் என்பதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. வழியே இல்லாமல் கெட்டிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். கால் கிலோ முட்டைக்கோசில் தீர்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தன் நாக்கைப் பற்றி அவரே தங்கையிடம் சொன்னார். அவள் அழுதாள். அவளை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணச் சமையல் கோஷ்டியில் காய் நறுக்கச் சேர்ந்தார். நறுக்குவதற்கு நாக்கு தேவையில்லை. கப்பலில் நூறு பேருக்கு ஆக்கிப்போட்ட மனிதர், இருபது வருடம் பூசணிக்காய் நறுக்கினார். முள்கரண்டிகளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்துபோய் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாலைந்து வருடம் அந்தப் பேச்சே எடுக்காதவர், ஒரு ஞாயிறு தானாக வந்து ஆணியிலிருந்து கரண்டிகளை எடுத்தார். இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். ஏரிக்கரையில் பழைய கடைக்காரரின் மகன் கேட்காமலே முழுச் சப்பையை எடுத்துத் தருகிறான். பழம் போடாத பன் திண்டிவனத்திலேயே கிடைக்கிறது. மனைவி மூடியைத் தொடுவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது, என் சொல்லைத் தவிர. நீட்டுகிற இழைமீது அவர் சில சமயம் திருட்டுத்தனமாகக் கல்லுப்பை வைத்து நீட்டுவார், நான் சொல்கிறேனா என்று பார்க்க. "உப்பு மச்சான்" என்றால் முகம் மலரும். எனக்கோ ஐம்பது வயதாகிறது. என் வீட்டுக் கொல்லையில் எனக்கே பரீட்சை! "இன்னும் எத்தினி நாளைக்கு இந்தப் பேஜாரு?" என்று மனைவியிடம் கத்தியிருக்கிறேன். "உன் வாய் செஞ்ச வேல, அனுபவி" என்றாள்.

போன ஞாயிறு வளைந்த பல் கரண்டியில் ஒரு இழையை நீட்டினார். வாயில் வைத்தேன். உப்பு, வெல்லம், புளிப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. "நல்லாக்கீது மச்சான்" என்றேன். உண்மையாகவே. அவர் கரண்டியை இறக்கவில்லை. நீட்டியபடியே நின்றார். "நெஜமாத்தான்" என்றேன். நின்றார். எரிச்சல் மண்டையில் ஏறியது. ஒரு பன்னைப் பிளந்தேன். கோசு போடாமல் வெறும் கறியை அள்ளி வைத்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து கடைசிக் கடி வரைக்கும் தின்றேன். பக்கத்தில் அவர் வழக்கம்போல ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தின்று முடித்துக் கையைத் துடைத்தேன். தம்ளர் வைத்தபடி நிரம்பியே இருந்தது. அப்புறம்தான் கரண்டிகளைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு, தனக்கு ஒரு பன்னை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.